வள்ளம் ஓட்டவும் அட்டையா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கோடை விடுமுறை பற்றிய ஒரு பதிலில், "மோட்டர் பூட்டிய படகை ஓட்ட அட்டை வேண்டும், மறந்துவிடாதீர்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் குரல்பதிவுகளையும் சேர்த்தால் இந்த இதழையே நிரப்பலாம். சிலர் நன்றி சொன்னார்கள், சிலர் திட்டினார்கள், ஒருவர் நான் அரசாங்கத்திடம் காசு வாங்கிவிட்டேன் என்றே முடிவு கட்டிவிட்டார். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கி, நீளமானவற்றை வெட்டி, இம்முறை முழுக்கப் படகுக் கதை.

கேள்வி: ஜூலையில் ஒன்ராறியோவின் கவார்த்தா ஏரிகள் பக்கம் எட்டுக் குடும்பமாகக் கொட்டேஜ் (ஏரிக்கரை விடுமுறை வீடு) எடுத்திருக்கிறோம். கொட்டேஜோடு ஒரு சின்ன மோட்டர் படகும் தருகிறார்கள். 22 வருடமாக 401 நெடுஞ்சாலையில் கார் ஓடுகிறவன் நான், ஒரு ரிக்கெற் வாங்கியதில்லை. எனக்கும் வேறு அட்டை வேணுமா?
– ஸ்காபரோ வாசகர்

பதில்: வேணும். கார் லைசன்ஸ் தண்ணீரில் செல்லாது.

இது ஒன்ராறியோ மட்டும் போட்ட விதி அல்ல, கனடா மத்திய அரசின் விதி. 1999இல் வந்தது. ஒரே நாளில் எல்லாரையும் பிடிக்கவில்லை. முதலில் இளம் வயதினர், 2002இல் நாலு மீற்றருக்குக் குறைந்த படகு ஓட்டுகிறவர்கள், கடைசியில் 2009 செப்ரெம்பர் 15 முதல் வயதும் படகின் நீளமும் பாராமல் எல்லாரும் என்று, பத்து வருடம் எடுத்து மெல்ல மெல்ல இறுக்கினார்கள். இன்றைக்குப் பொழுதுபோக்குக்காக மோட்டர் படகு ஓட்டுகிற எவரும் தனக்கு ஓட்டத் தெரியும் என்பதற்கு ஒரு அத்தாட்சியைப் படகிலேயே வைத்திருக்க வேண்டும். நம்மில் பெரும்பாலானோருக்கு அந்த அத்தாட்சி இந்த அட்டைதான். எஞ்சின் எவ்வளவு சின்னது என்பது கணக்கில்லை. மீன் பிடிக்கிற கனூவில் ஒரு பற்றறி மோட்டரைக் கொழுவினாலும் அட்டை வேண்டும். துடுப்பால் வலிக்கிற கனூ, கயாக்குக்கு வேண்டாம். இல்லாமல் பிடிபட்டால் 250 டொலர் தண்டம், அதற்கு மேல் சில்லறைக் கட்டணங்கள்.

பலர் குழம்புகிற இன்னொரு விடயம்: 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின் பூட்டிய படகுகளின் முன்பக்கத்தில் இரண்டு புறமும் ஒரு இலக்கம் எழுதியிருக்கும். அது படகுக்கான லைசன்ஸ், காரின் நம்பர் பிளேற் மாதிரி. அது இருக்கிறது என்பதற்காக உங்களுக்கு ஓட்ட அனுமதி இருக்கிறது என்று அர்த்தமில்லை.

இனி உங்கள் 22 வருட அனுபவத்துக்கு வருகிறேன், கோபிக்க வேண்டாம். கார் ஓடிப் பழகிய கைதான் படகில் முதல் பிழை விடுகிறது. படகுக்கு பிரேக் கிடையாது. எஞ்சினை நிறுத்தினாலும் அது தன்பாட்டில் போய்க்கொண்டே இருக்கும், நிற்பாட்ட வேண்டுமென்றால் ரிவேர்ஸ் போட வேண்டும். கார் முன்பக்கத்தால் திரும்பும், படகு பின்பக்கத்தால் திரும்பும். நீங்கள் இடப்பக்கம் வெட்டினால் படகின் பின்புறம் வலப்பக்கம் வீசி அடிக்கும். கொட்டேஜ் துறையை விட்டு வெளிக்கிடும்போது முதல் நாளே துறைக் கட்டையில் படார் என்று இடிப்பவர்கள் எல்லாம் நல்ல கார் சாரதிகள்தான். எஞ்சின் உள்ளே மூடிய படகு என்றால் இன்னொன்றும் இருக்கிறது. பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது, படகின் அடியில் போய்த் தேங்கும். அதனால் சாவியைத் திருப்ப முன் காற்றுவிசிறியைக் குறைந்தது நாலு நிமிடம் ஓட விட வேண்டும். காரில் ஏறியதும் கை தன்பாட்டில் சாவிக்குப் போகிறதல்லவா, அந்தப் பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

கரையிலிருந்து 30 மீற்றருக்குள் வேகம் மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பலகை எதுவும் வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் விதி இருக்கிறது, நீந்துகிற பிள்ளைகள் அந்த 30 மீற்றருக்குள்தான் இருப்பார்கள்.

கேள்வி: சோதனை கஷ்டமா? என் மச்சான் ஏற்கெனவே செய்தவர், "கம்பியூட்டருக்கு முன்னால் நான் இருந்து செய்து தாறேன், நீ காசை மட்டும் கட்டு" என்கிறார்.
– அஜாக்ஸ் வாசகர்

பதில்: மச்சான் செய்தால் மச்சானே ஓட்டட்டும், நீங்கள் பின்னால் இருந்து கடலை சாப்பிடுங்கள்.

சோதனை கஷ்டமே இல்லை. கனடா போக்குவரத்து அமைச்சு அங்கீகரித்த ஏதாவது ஒரு நிறுவனத்தில் பாடம் எடுக்க வேண்டும், இணையத்திலேயே எடுக்கலாம், குறைந்தது மூன்று மணித்தியாலம். அவசரமாகத் தட்டிக்கொண்டு போக விடாமல் பக்கத்துக்குப் பக்கம் நேரக்கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பிறகு 50 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் விடைகள் தந்திருப்பார்கள், தெரிவு செய்வதுதான் வேலை. 75 சதவீதம், அதாவது 38 சரி என்றால் சித்தி. ஒருமுறை எடுத்த அட்டை ஆயுளுக்கும் செல்லும், புதுப்பிக்கத் தேவையில்லை.

இந்த முறையில் எனக்கே ஒரு மனக்குறை இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. இந்தச் சோதனையில் எங்கும் ஒரு சுக்கானைத் தொட வேண்டியதில்லை. துறையில் கட்டுவது எப்படி, காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் என்ன செய்வது, விழுந்தவரைத் தூக்குவது எப்படி என்று வாசித்துவிட்டுச் சரியான விடையை அழுத்தினால் போதும். கார் ஓட்ட இரண்டு தடவை ரோட்டில் கூட்டிக்கொண்டு போய்ச் சோதிக்கிற மாகாணத்தில், 150 குதிரைவலுப் படகை ஓட்ட ஒரு மணித்தியாலம் கூடத் தண்ணீரில் பழகத் தேவையில்லை என்பது விசித்திரம்தான். "அப்படியென்றால் அட்டை வெறும் கண்துடைப்பு" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். விதி வர முன்னர் அந்த மூன்று மணித்தியால வாசிப்புக் கூட இல்லாமல்தான் ஆட்கள் ஏரியில் இறங்கினார்கள். ஆனால் அந்த மூன்று மணித்தியாலத்தையும் மச்சானிடம் கொடுத்துவிட்டால் உங்களிடம் என்ன மிஞ்சும், சொல்லுங்கள்? அட்டையை எடுத்த கையோடு, ஏற்கெனவே ஓடத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, காற்றில்லாத ஒரு காலைநேரம் துறையில் கட்டுவதையும் அவிழ்ப்பதையும் மட்டும் பத்துத் தடவை செய்து பாருங்கள்.

கேள்வி: என் ஐயா மாதகலில் கடற்றொழில் செய்தவர். 12 வயதில் நான் அவரோடு வள்ளத்தில் போனவன், இரவில் வெள்ளி பார்த்துக் கரை சேர்ந்தவன். இந்தக் குளத்தில் ஓட எனக்கு ஒரு சோதனையா? கேட்கவே சிரிப்பாக இருக்கிறது.
– மார்க்கம் வாசகர்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். காற்றைப் பார்த்து நாளைக்குத் தொழிலுக்குப் போகலாமா என்று சொல்லுகிற கண் உங்களுக்கு இருக்கும், அது எந்தச் சோதனையிலும் வராது, இங்கே கொட்டேஜ் வைத்திருக்கிற முக்கால்வாசிப் பேருக்கு அது கிடையாது. ஆனாலும் நீங்கள் அந்தப் பாடத்தை எடுக்கத்தான் வேண்டும். சட்டம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, உங்களைப் போல ஊரில் கடலோடியவர்களுக்கு அதில் ஒரு இடத்தில் உண்மையான ஆபத்து இருக்கிறது.

மிதவைகள். உலகத்தில் மிதவைகளுக்கு நிறம் பூசுவதில் இரண்டு முறை இருக்கிறது. இலங்கை, இந்தியா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா எல்லாம் முதலாவது பிரிவு: கடலில் இருந்து துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு மிதவை உங்கள் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். வட, தென் அமெரிக்கா, ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் இரண்டாவது பிரிவு: உள்ளே வரும்போதும் ஆற்றில் மேல்நோக்கிப் போகும்போதும் சிவப்பு வலக்கைப் பக்கம். அதாவது அப்படியே தலைகீழ். காங்கேசன்துறையில் கை பழகியபடி ஜோர்ஜியன் குடாவில் சிவப்பை இடப்பக்கம் விட்டீர்கள் என்றால், ஓட வேண்டிய வாய்க்காலுக்கு வெளியே போய்விடுவீர்கள், அங்கே தண்ணீருக்கு ஒரு சாண் கீழே பாறை படுத்திருக்கும். அந்தக் குடாவின் கிழக்குக் கரையை முப்பதாயிரம் தீவு என்று சொல்லுகிறார்கள். வெளியே தெரிகிற தீவுதான் அவ்வளவு, வெளியே தெரியாத பாறையை யார் எண்ணினார்கள்? ஏரியில் மேல்நோக்கி எது கீழ்நோக்கி எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும். ட்ரென்ற்-செவேர்ன் நீர்வழியில் போனால் இன்னும் வேடிக்கை. ஒன்ராறியோ ஏரியிலிருந்து ஜோர்ஜியன் குடா வரை 386 கிலோமீற்றர் போகிற வழி அது, நடுவில் ஒரு உச்சிக்கு ஏறிப் பிறகு மறுபக்கம் இறங்குகிறது, ஆகவே உச்சியைத் தாண்டியதும் சிவப்பும் பச்சையும் பக்கம் மாறும்.

மற்றது நெரிசல். நடுக்கடலில் உங்களுக்கு எதிரே இன்னொரு வள்ளம் வருவது எத்தனை தடவை நடந்திருக்கும்? இங்கே லோங் வீக்கெண்டில் சிம்கோ ஏரியின் துறைகளுக்கு முன்னால் நின்று பாருங்கள், கோயில் திருவிழா மாதிரி இருக்கும். இரண்டு மோட்டர் படகு குறுக்கே சந்தித்தால் உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்குத்தான் வழி, நீங்கள் வேகத்தைக் குறைத்து அவருக்குப் பின்னால் போக வேண்டும். இரவில் இதைப் பிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். படகின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை. வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வருகிறவரின் சிவப்புத்தான் உங்கள் கண்ணில் படும். சிவப்பைக் கண்டால் நில், தெருவில் மாதிரியே.

அப்புறம் இந்தத் தண்ணீர் நன்னீர். உப்புத்தண்ணீர் தூக்குகிற அளவுக்கு இது ஆளைத் தூக்காது. மாதகலில் சும்மா மல்லாந்து மிதந்தவருக்கு இங்கே கால் கீழே இழுபடும். குளிரைப் பற்றி அடுத்த பதிலில்.

கேள்வி: எனக்கு நீந்தத் தெரியாது, அவருக்கும் அவ்வளவு தெரியாது. பிள்ளைகளுக்கு 6 வயதும் 9 வயதும். லைஃப் ஜக்கெட் படகில் இருந்தால் காணும், போட்டுக்கொண்டு வியர்க்கத் தேவையில்லை என்று அவர் சொல்கிறார். சட்டமும் அப்படித்தான் சொல்கிறதாமே?
– பிரம்டன் வாசகி

பதில்: தங்கச்சி, அவர் சொல்வதில் சட்டம் பாதி சரி. மத்திய அரசின் விதி, படகில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் அளவான ஒன்று படகில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. மிச்சப் பாதியை நான் என் சொந்த உடம்பில் படித்தேன்.

சில வருடங்களுக்கு முன்னர், மே மாதம், விக்டோரியா நாள் லோங் வீக்கெண்ட். வெளியே 24 பாகை, ரீ-சேட்டோடு நிற்கிறேன். நண்பர் ஒருவரின் துறையிலிருந்து படகுக்கு ஒரு காலை வைத்தேன், கயிறு இறுக்கமில்லை, படகு விலகியது, ஒரு கால் துறையில் ஒரு கால் படகில் என்று கொஞ்ச நேரம் பாலம் மாதிரி நின்றுவிட்டு நடுவில் விழுந்தேன். பத்து நாளைக்கு முன்னர்தான் அந்த ஏரியின் கடைசி ஐஸ் உருகியிருந்ததாம். தண்ணீர் தலைக்கு மேல் போனதும் நெஞ்சை யாரோ இரண்டு கையாலும் பிழிந்த மாதிரி இருந்தது, வாய் தன்பாட்டில் திறந்து மூச்சை இழுத்தது. நான் இழுக்கவில்லை, அதுவே இழுத்தது. அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்திருந்தால் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். எனக்கு நன்றாக நீந்தத் தெரியும், ஆனால் அந்த ஒரு நிமிடம் நீச்சல் என்ற ஒன்று இருப்பதே ஞாபகம் வரவில்லை. போட்டிருந்த லைஃப் ஜக்கெட்தான் என் வாயை மேலே வைத்திருந்தது. நண்பரின் மனைவி "போடாமல் ஏறக்கூடாது" என்று அதட்டியதால் போட்டது, என் புத்தியால் அல்ல.

பிறகுதான் வாசித்தேன், மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் என்பவர் ஐஸ் தண்ணீரில் தானே இறங்கி இதை ஆராய்ந்தவர். அவர் சொல்கிற கணக்கு 1-10-1. முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர. அடுத்த பத்து நிமிடம் கை கால் சொல்வழி கேட்கும், அதற்குள் ஏறவோ எதையாவது பிடிக்கவோ வேண்டும். அதன் பிறகு விரல்கள் மடங்காது. குளிரில் உடம்பு விறைத்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். குளிர்த் தண்ணீரில் விழுந்தால் விறைத்துத்தான் சாவது என்று நாம் நினைக்கிறோம், ஆனால் லைஃப் ஜக்கெட் இல்லாத பலர் அந்த ஒரு மணித்தியாலம் வரை இருப்பதே இல்லை. முதல் நிமிடத்திலேயோ பத்து நிமிடத்திலேயோ போய்விடுகிறார்கள். விழுந்த பிறகு படகில் கிடக்கிற ஜக்கெட்டை எடுத்துப் போடலாம் என்று அவர் நினைத்தால், குளிக்கிற தொட்டியில் அதை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வார் பூட்டுகிறதா பார்ப்போம்.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது கடையிலேயே போட்டுப் பூட்டி, தோள்ப் பக்கத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் பெரிது. 'வளருவான்' என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குகிற நமது பழக்கம் சப்பாத்தோடு நிற்கட்டும். காற்று ஊதி விரிகிற மெல்லிய வகை 16 வயதுக்கும் 36.3 கிலோவுக்கும் குறைந்தவர்களுக்கு ஆகாது. கையில் மாட்டுகிற பலூன், முதுகில் கட்டுகிற பஞ்சு எல்லாம் விளையாட்டுச் சாமான், படகில் அவை கணக்கில் வராது.

நீச்சல் விடயமாக நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. கனடாவின் உயிர்காப்புச் சங்கம் செய்த ஆய்வில், புதிதாகக் கனடாவுக்கு வந்தவர்களில் நீந்தத் தெரியாதவர்கள் இங்கே பிறந்தவர்களை விட நாலு மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அவர்களே 'ஸ்விம் டு சர்வைவ்' என்று ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்கள், அழகாக நீந்தப் பழக்குவது அதன் நோக்கம் அல்ல. ஆழத் தண்ணீரில் உருண்டு விழ வேண்டும், ஒரு நிமிடம் நின்ற இடத்தில் மிதக்க வேண்டும், 50 மீற்றர் எப்படியாவது போக வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகளோடு நீங்களும் சேருங்கள்.

கேள்வி: ஒரே ஒரு நாளைக்குத்தான் படகு வாடகைக்கு எடுக்கிறோம். அதற்கும் சோதனையா?
– மிசிசாகா வாசகர்

பதில்: ஒரு நாள் வாடகைக்குச் சுருக்கவழி உண்டு. வாடகைக்குக் கொடுக்கிறவர் ஒரு சரிபார்ப்புத் தாளோடு வந்து ஒவ்வொன்றாகக் காட்டி விளக்க வேண்டும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், அந்த வாடகை முடியும் வரை அந்தத் தாள்தான் உங்கள் அத்தாட்சி. அடுத்த நாள் அது வெறும் தாள்.

நானும் அப்படித்தான் ஒருமுறை பொன்ரூன் எடுத்தேன், இரண்டு மிதவைக் குழாய்க்கு மேல் வீட்டு ஹோலைத் தூக்கி வைத்த மாதிரி இருக்குமே, அது. இடத்தின் பெயர் வேண்டாம். அந்தப் பெடியன் நல்லபடியாகத்தான் தாளை வாசித்தான். நான்தான் பின்னால் றொட்டியும் சம்பலும் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். 15 மீற்றர் கயிற்றோடு நங்கூரம் இருக்கிறது, ஓம். எறிகிற மிதவைக் கயிறு, ஓம். விசில், தண்ணீர் அள்ளுகிற வாளி, ஓம் ஓம். கையெழுத்து.

பின்னேரம் காற்று எழும்பியது. பொன்ரூன் பாய் கட்டிய கப்பல் மாதிரி, காற்று இழுக்கிற பக்கம் போகும். பாசி நிறைந்த இடத்துக்குள் போய்விட்டோம், தண்ணீருக்குள் சுழலும் எஞ்சின் விசிறியில் பாசி சுற்றி எஞ்சின் நின்றுவிட்டது, காற்று எங்களைப் பாறைக்கரைப் பக்கம் தள்ளுகிறது. "நங்கூரத்தைப் போடு!" என்று எல்லாரும் கத்தினார்கள். நான் வீரமாக இருக்கைக்குக் கீழேயிருந்து நங்கூரத்தை எடுத்து இரண்டு கையாலும் எறிந்தேன். அது போனது. கயிறும் பின்னால் போனது, சர் என்று, முழுவதும். கடைசி நுனியும் கைப்பிடியைத் தாண்டித் தண்ணீருக்குள் போவதை நாங்கள் பதினொரு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மறு நுனியைப் படகில் கட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

விசில் அடித்து, இரண்டு கையையும் மேலும் கீழும் ஆட்டி, அந்தப் பக்கமாக வந்த ஒரு வயதான தம்பதியர் கட்டி இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள். இப்படிக் கையை ஆட்டுவதும் ஆபத்துக்கான சைகைதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது, பதற்றத்தில் ஆட்டினேன். நங்கூரத்துக்குக் காசு கட்டினேன். அடுத்த கிழமையே இருந்து முழு அட்டையும் எடுத்தேன். உங்களுக்குச் சொல்வது இதுதான்: சட்டம் தாள் போதும் என்கிறது, ஆனால் ஒருவராவது முழுப் பாடத்தையும் முன்கூட்டியே எடுத்துவிட்டு வாருங்கள். துறையில் பத்துப் பேர் அவசரப்படுத்த, பிள்ளை அழ, அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒன்றும் மண்டையில் ஏறாது.

கேள்வி: தண்ணீரில் என்ன ட்ரஃபிக், நடு ஏரியில் இரண்டு பியர் குடித்தால் என்ன குறைந்துவிடும்?
– பெயர் போட வேண்டாம் என்கிறார்

பதில்: கார் லைசன்ஸ் குறைந்துவிடும். குற்றவியல் சட்டத்தில் காருக்கு இருக்கிற அதே எல்லைதான், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம், படகுக்கும், ஒன்ராறியோவில் படகில் பிடிபட்டால் ரோட்டில் ஓடுகிற உரிமையும் போகும். ஓட்டுகிறவர் குடிக்காவிட்டாலும் திறந்த போத்தல் படகில் இருக்கக்கூடாது. நிரந்தரமாகப் படுக்கிற இடம், சமைக்கிற இடம், கழிவறை மூன்றும் உள்ள படகு, அதுவும் நங்கூரம் போட்டோ கட்டியோ நிற்கும்போது மட்டும்தான் குடிக்கலாம். உங்கள் 16 அடிப் படகில் கழிவறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

"கனூதானே" என்றும் நழுவ முடியாது. 2017இல் மஸ்கோகா ஆற்றில், வசந்தகால வெள்ளத்தில், ஒருவர் ஒரு எட்டு வயதுப் பையனையும் ஏற்றிக்கொண்டு கனூ வலித்துப் போய், அது கவிழ்ந்து பையன் இறந்துவிட்டான். போதையில் கலம் செலுத்தி மரணம் விளைவித்தார் என்று நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. கனூ ஒரு கலமே அல்ல என்ற வாதத்தை மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்கவில்லை. வெயிலும் காற்றும் ஆட்டமும் சேர்ந்து அதே இரண்டு பியர் தண்ணீரில் கூடுதலாக ஏறும் என்பது வேறு கதை.

கேள்வி: லண்டனில் இருக்கிற என் தம்பி தங்களுக்கு ஒரு அட்டையும் தேவையில்லை என்கிறான். கனடாக்காரர்தான் இப்படிப் பயந்தாங்கொள்ளிகளா?
– வாட்டர்லூ வாசகி

பதில்: தம்பி சொல்வது சரி, பிரித்தானியாவில் சொந்தப் பொழுதுபோக்குப் படகைக் கடலில் ஓட்டக் கட்டாய உரிமம் கிடையாது. ஆனால் ஒஸ்லோவில் உங்களுக்குச் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். நோர்வேயில் 1980ஆம் ஆண்டும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் எட்டு மீற்றருக்கு நீளமான அல்லது 25 குதிரைவலுவுக்குக் கூடிய படகை ஓட்டச் சான்றிதழ் எடுக்க வேண்டும். ஊரே படகில் பிறந்த நாடு அது.

நயாகராவுக்கு அந்தப் பக்கம் நியூயோர்க்கில் நடந்தது இன்னும் உறைக்கும். 2005இல் லோங் ஐலண்ட் பக்கம் இரண்டு படகு மோதியதில் பிரியானா என்ற 11 வயதுப் பிள்ளை இறந்தாள். அவளுடைய தாய் கதவு கதவாகத் தட்டி, 2019இல்தான் 'பிரியானா சட்டம்' கையெழுத்தானது. அதையும் வயதுப்படி கட்டம் கட்டமாக அமுலாக்கி, 2025 ஜனவரி 1 முதல்தான் மோட்டர் படகு ஓட்டுகிற எல்லாரும் பாடம் எடுத்திருக்க வேண்டும் என்றானது. பிள்ளை இருந்திருந்தால் அன்றைக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். இதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கேள்வி: மகனுக்கு 14. நல்ல பொறுப்பான பிள்ளை. என் முன்னால் ஏற்றி, நான் பின்னால் இருந்துகொண்டு ஜெற்ஸ்கி ஓட விடலாமா?
– விற்பி வாசகர்

பதில்: இல்லை. 16 வயதுக்குக் கீழே ஜெற்ஸ்கி ஓட்டவே கூடாது, அப்பா பின்னால் இருந்தாலும் பாட்டன் பின்னால் இருந்தாலும்.

படகு என்றால் இடம் உண்டு. 12 வயதிலிருந்து 16 ஆகும் வரை தனியாக ஓடினால் 40 குதிரைவலு வரை, 12க்குக் கீழே 10 குதிரைவலு வரை. அதற்கு மேல் என்றால் 16 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் படகில் கூட இருந்து மேற்பார்க்க வேண்டும். எந்த வயதானாலும் ஓட்டுகிற பிள்ளைக்கும் அட்டை வேண்டும், ஆகவே மகனையும் சோதனைக்கு இருத்துங்கள். அவன் உங்களை விடக் கூடப் புள்ளி எடுப்பான், அதற்கும் தயாராக இருங்கள். எஞ்சினை நிற்பாட்டுகிற சுருள் கயிற்றை மணிக்கட்டிலோ ஜக்கெட்டிலோ கொழுவாமல் அவனை ஓட விட வேண்டாம். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் ஆளில்லாத படகு வட்டம் சுற்றிக்கொண்டு விழுந்தவரிடமே திரும்பி வரும், விசிறியோடு.

கேள்வி: அட்டை நனைந்து பழுதாகிவிடாதா? வீட்டில் வைத்துவிட்டு போனில் படம் எடுத்துக்கொண்டு போகப் போகிறேன்.
– ஒஷாவா வாசகி

பதில்: அக்கா, அது பிளாஸ்டிக். அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு போங்கள், போனைப் பையில் போட்டுக் கட்டுங்கள்.